தூரமும் ஒரு தீண்டாமைதான்

பெரும்பாக்கத்தில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர், முன்பு நுங்கம்பாக்கத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தார். கூவம் கரையிலிருந்து நடந்தே போய்வருவார். வீட்டை இடித்து இங்கே கொண்டுவந்து விட்டபின் மூன்று வீட்டு வேலை போய்விட்டது. "பஸ்ஸு இலவசம்தான் தம்பி, போற நேரத்த யாரு குடுப்பா?" என்று கேட்டார்.

குடிசை மாற்று வாரியம் 1970-இல் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டுவது வழக்கமாக இருந்தது. 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று ஏழைகளை ஒரே திசையில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 2021-இல் வாரியத்தின் பெயர் மாறியது. குவிக்கப்பட்டவர்கள் அங்கேயேதான் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள்.

கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றார் அண்ணல் அம்பேத்கர். வெளியேறி வந்தோம். நகரமோ ஊருக்கு வெளியே இன்னொரு சேரியைக் கட்டி, அதற்கு 'மறுகுடியமர்வு' என்று பெயர் வைத்திருக்கிறது.

2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரை மக்கள் 'ஆக்கிரமிப்பாளர்கள்' ஆனார்கள். சென்னை விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுதளம் அடையாற்றின் மேலேயே போகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி நம் மக்களைக் கொண்டுபோய் விட்ட பெரும்பாக்கமோ பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அங்கும் தண்ணீர் நிற்கிறது.

சாக்கடைக் கரையைவிட கான்கிரீட் வீடு மேல்தானே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மேல்தான். சாக்கடை ஓரத்திலேயே இருக்கிறோம் என்று நாம் கேட்கவில்லை. அதே வீட்டை வேலைக்கும் பள்ளிக்கும் நடந்து போகும் தூரத்தில் கட்டு என்கிறோம். நகருக்குள் நிலம் இல்லை என்பது பதில். மேம்பாலத்துக்கும் மெட்ரோவுக்கும் மட்டும் நிலம் எங்கிருந்து வருகிறது?

தோழர்களே, சென்னையின் மூன்றாம் முழுமைத் திட்டத்தைப் படியுங்கள். உங்கள் வார்டில் ஏழைகளின் வீட்டுக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இடம்பெயர்க்கப்பட்டவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். புல்டோசர் வந்த பிறகு நாம் ஓடிப்போய் நின்றது போதும். இந்த முறை வரைபடம் போடும்போதே நிற்போம்.