இடையில் இருந்த இரண்டு நாள்

கோப்பையை வென்றுவிட்டதாக நினைத்துக் கையுறையையும் ஹெல்மெட்டையும் தூக்கி எறிந்த ஓர் ஐஸ் ஹாக்கி அணி, அவற்றைப் பொறுக்கியெடுத்து மறுபடி மாட்டிக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. 2024 மே 26 ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செயின்ட் பால் நகரில் நடந்தது இது. அதன் வீடியோப் பதிவைப் பார்த்ததிலிருந்து என் யோசனையெல்லாம் அந்த ஆட்டத்துக்கு அடுத்து வந்த இரண்டு நாள்களைப் பற்றித்தான். இறுதி ஆட்டத்துக்கு ஓர் அணி எப்படி ஆயத்தமாகிறது என்று கேட்டால் பயிற்சி என்போம், சாப்பாடு என்போம், மன உறுதி என்போம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. இந்த வாரப் பத்தி அதைப் பற்றியது.

வட அமெரிக்காவின் தொழில்முறை மகளிர் ஹாக்கி லீக் 2024 ஜனவரி 1 அன்று தொடங்கியது. பாஸ்டன், நியூயார்க், மினசோட்டா, மான்ட்ரியல், ஒட்டாவா, டொரன்டோ என அப்போது ஆறு அணிகள். முதல் ஆண்டில் அணிகளுக்கு ஊர்ப் பெயரைத் தவிர வேறு பெயர்கூட வைக்கப்படவில்லை. அணிக்கு 24 ஆட்டம். அதில் முதல் நான்கு இடம் பிடிப்பவர்களுக்கு அரையிறுதி. மினசோட்டா அணியின் பயிற்சியாளர் கென் க்ளீ பொறுப்பேற்றதே முதல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான்.

நன்றாகத் தொடங்கிய அணி, கடைசிக் கட்டத்தில் தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றது. அரையிறுதிக்குள் அவர்கள் வந்தது சொந்தப் பலத்தால் அல்ல. கடைசி நாளில் ஒட்டாவா, டொரன்டோவிடம் தோற்றதால்தான் அந்த நான்காவது இடம் கிடைத்தது. இந்த லீக்கில் ஒரு விசித்திரமான விதி உண்டு. முதலிடம் பிடித்த அணி, மூன்றாம் நான்காம் இடத்து அணிகளில் யாருடன் மோதுவது என்பதைத் தானே தேர்ந்துகொள்ளலாம். முதலிடத்து டொரன்டோ மினசோட்டாவைத் தேர்ந்தது. ‘நீங்கள்தான் சுலபம்’ என்று முகத்துக்கு நேரே சொன்னது போல. முதல் ஆட்டம் 4-0, இரண்டாவது 2-0. ஒரு கோல்கூட அடிக்காமல் மினசோட்டா தோற்றது. மூன்றாவது ஆட்டத்தில், லீக்கிலேயே அதிக கோல் அடித்த நடாலி ஸ்பூனர் காயம்பட்டு வெளியேறியது டொரன்டோவுக்குப் பேரிழப்பு. மினசோட்டா அந்த ஆட்டத்தை வென்றது. அடுத்ததை இரண்டாவது ஓவர்டைமில் கிளேர் பியூடராக் அடித்த ஒரே கோலில் வென்றது. ஐந்தாவதை 4-1 என்று வென்று இறுதிச்சுற்றுக்கு வந்தது.

இறுதியில் எதிரணி பாஸ்டன். ஐந்தில் மூன்றை வெல்பவர்களுக்கு வால்டர் கோப்பை. மூன்று ஆட்டம் முடிந்தபோது மினசோட்டா இரண்டு, பாஸ்டன் ஒன்று. நான்காவது ஆட்டம் மினசோட்டாவின் சொந்த அரங்கில். அறுபது நிமிடம் கோல் இல்லை. முதல் ஓவர்டைமிலும் இல்லை. இரண்டாவது ஓவர்டைமில் சோஃபி ஜாக்ஸ் அடித்த பக் என்னும் வட்டு வலைக்குள் போனது. ஓவர்டைமில் முதல் கோலோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால் பெண்கள் பனித்தளத்தில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கொண்டாடினார்கள். நடுவர்கள் வீடியோவைப் பார்த்தார்கள். கோல் விழுவதற்கு முன் மினசோட்டா வீராங்கனை ஒருவர் பாஸ்டன் கோல்கீப்பர் ஏரின் ஃபிராங்கலுக்கு இடையூறு செய்திருக்கிறார் என்று கோலை ரத்து செய்தார்கள். ஆட்டம் தொடர்ந்தது. கொஞ்ச நேரத்திலேயே பாஸ்டனின் சுவிஸ் வீராங்கனை அலினா ம்யூலர் கோல் அடித்தார். பாஸ்டன் 1, மினசோட்டா 0.

தொடர் இரண்டுக்கு இரண்டு. தீர்மானிக்கும் ஆட்டம் புதன்கிழமை, பாஸ்டன் அணியின் அரங்கில். நடுவில் திங்களும் செவ்வாயும்.

ஐஸ் ஹாக்கி உடலை என்ன செய்யும் என்பது தெரிந்தால்தான் இந்த இரண்டு நாளின் அருமை புரியும். பனித்தளத்தில் ஒரு பக்கத்துக்குக் கோல்கீப்பரோடு ஆறு பேர். முழு வேகத்தில் முக்கால் நிமிடம் ஸ்கேட் செய்தாலே தொடை எரியத் தொடங்கிவிடும். அதனால்தான் ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழு தடுப்பைத் தாண்டி வெளியே வர, அடுத்த குழு உள்ளே குதிக்கும். வழக்கமான ஆட்டத்தில் இது மூன்று இருபது நிமிடப் பகுதிகள். இரண்டு ஓவர்டைம் என்றால் கிட்டத்தட்ட இன்னோர் ஆட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் சேர்த்து ஆடியதாகக் கணக்கு. அதன் பிறகு உடல் கேட்பது தூக்கம், தண்ணீர், நல்ல சாப்பாடு, பிசியோதெரபிஸ்ட்டின் கை, லேசான ஒரு பயிற்சி. எதிரணி கோல்கீப்பர் எந்தப் பக்கம் முதலில் நகர்கிறார், அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் எந்த மூலையில் பக்கை இழக்கிறார்கள் என்று வீடியோவில் நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். கையில் வந்து நழுவிய கோப்பையைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசி முடிக்கவும் வேண்டும். பேசி முடிக்காத தோல்வி அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வரும். விமானம் ஏற வேண்டும். இத்தனைக்கும் தேவை நேரம். அந்த நேரம் அவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இதற்கு முந்தைய தலைமுறைக்கு இல்லாமல் போனது இதுதான். 2007-இல் தொடங்கிய கனடிய மகளிர் ஹாக்கி லீக், பத்தாண்டு காலம் வீராங்கனைகளுக்குச் சம்பளமே தரவில்லை. 2017-இல்தான் ஆண்டுக்கு 2,000 முதல் 10,000 டாலர் வரை ஓர் உதவித்தொகை வந்தது. ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர்கள் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, மற்றவர்கள் ஆடி முடித்த இராத்திரி நேரத்தில் பனித்தளத்துக்கு வந்து பயிற்சி எடுத்தார்கள். அவர்களுக்கும் இறுதி ஆட்டங்கள் வந்தன. திங்கள் காலை வேலைக்குப் போயாக வேண்டும் என்ற நினைப்போடுதான் அவற்றை ஆடினார்கள். 2019 மார்ச் 24 அன்று அந்த லீக்கின் இறுதி ஆட்டத்தில் கால்கரி அணி மான்ட்ரியலை வென்று கிளார்க்சன் கோப்பையைத் தூக்கியது. சரியாக ஒரு வாரத்தில், மார்ச் 31 அன்று, லீக்கையே மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். கோப்பை வாங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டு ஆட இடமில்லை.

அமெரிக்காவில் 2015-இல் தொடங்கிய இன்னொரு லீக், குறைந்தது 10,000 டாலர் சம்பளம் என்றது. அடுத்த ஆண்டே பருவத்தின் நடுவில் அந்தச் சம்பளத்தையும் வெட்டியது. கனடிய லீக் மூடப்பட்ட பின், 2019 மே மாதம், ஏறக்குறைய இருநூறு வீராங்கனைகள் ஒரு முடிவெடுத்தார்கள்: பிழைக்கும்படியான சம்பளமும் காப்பீடும் தராத எந்த லீக்கிலும் இனி ஆடுவதில்லை. விளையாட்டுக்காரர் ஒருவருக்கு நல்ல வயது என்பது பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான். அதில் நான்கு ஆண்டை அவர்கள் லீக் இல்லாமல், ஊர் ஊராகக் காட்சி ஆட்டங்கள் ஆடியே கழித்தார்கள். அந்த நான்கு ஆண்டைத் திருப்பித் தர யாராலும் முடியாது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அவர்கள்மீது பெரும் மரியாதை எழுகிறது.

2023-இல் அந்த உறுதி பலித்தது. ஜூன் மாதம் மார்க் வால்டர் குழுமமும் டென்னிஸ் மேதை பில்லி ஜீன் கிங்கின் நிறுவனமும் 2015-இல் தொடங்கிய அந்த அமெரிக்க லீக்கை வாங்கி மூடிவிட்டுப் புதியதைத் தொடங்கின. பழைய லீக்கில் ஒப்பந்தம் போட்டிருந்த பலருடைய வேலை அந்த ஒரே நாளில் போனது. இந்த வெற்றியின் விலையில் அதுவும் அடக்கம். முதல் ஆட்டம் நடப்பதற்கு முன்பே வீராங்கனைகள் சங்கமாகச் சேர்ந்து 2031 வரைக்குமான கூட்டு ஒப்பந்தம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். குறைந்தபட்சச் சம்பளம் 35,000 டாலர். ஒவ்வோர் அணியிலும் ஆறு பேருக்காவது 80,000 அல்லது அதற்கு மேல். வீட்டு வாடகை உதவி, மருத்துவக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு. கடைசிப் படியில் இருப்பவருக்கு அமெரிக்க நகரத்தில் இது கைக்கும் வாய்க்குமான தொகைதான். ஆனாலும் பகல் அவர்கள் கைக்கு வந்தது. மினசோட்டா அணி, செயின்ட் பால் நகர மையத்தில் பழைய பல்பொருள் அங்காடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் இருக்கும் பனித்தளத்தில் பயிற்சி எடுத்தது. பட்டப்பகலில், சம்பளத்தோடு.

அந்த அணியின் கேப்டன் கெண்டல் கோய்ன் ஸ்கோஃபீல்ட். 2019-இல் ஆண்கள் லீக்கின் நட்சத்திரப் போட்டியில் பனித்தளத்தை 14.346 விநாடியில் சுற்றி வந்து அரங்கத்தையே எழுந்து நிற்க வைத்தவர். 2017-இல், உலக சாம்பியன்ஷிப் போட்டி சொந்த நாட்டில் நடக்கவிருந்தபோது, நியாயமான ஊதியம் தராவிட்டால் ஆட மாட்டோம் என்று நின்ற அமெரிக்க அணியிலும் அவர் இருந்தார். ஒலிம்பிக் ஆண்டில் ஆறு மாதத்துக்கு மட்டும் மாதம் 1,000 டாலர் என்பதே அதுவரை அவர்களுக்குக் கிடைத்தது. போட்டி தொடங்க மூன்று நாள் இருக்கையில் அமெரிக்க ஹாக்கிச் சங்கம் இறங்கி வந்தது. அவர்கள் ஆடினார்கள், தங்கமும் வென்றார்கள். 2023 ஜூலையில் கோய்ன் ஸ்கோஃபீல்டுக்குக் குழந்தை பிறந்தது. ஆறு மாதத்தில் மினசோட்டா அணியின் முதல் ஆட்டத்தில் கேப்டனாகப் பனித்தளத்தில் இறங்கினார். இதை அவருடைய தனிப்பட்ட வைராக்கியமாக மட்டும் பாராட்டிவிட்டுப் போனால் பாதி உண்மையை விட்டுவிடுவோம். பிரசவத்துக்குப் பின் ஒரு பெண் ஆட்டத்துக்குத் திரும்ப வேண்டுமானால் மருத்துவரும் பயிற்சியாளரும் வருமானமும் கூடவே இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவர்களில் அவரும் ஒருவர்.

ஐந்தாவது ஆட்டம் நடந்த இடம் பாஸ்டனுக்கு வடக்கே இருக்கும் லோவல் நகரம். அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தையும் மினசோட்டா ஜனவரி 3 அன்று அதே சோங்காஸ் அரங்கில்தான் ஆடியிருந்தது. லோவல் ஒரு மில் ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆற்று நீரின் விசையில் ஓடிய பஞ்சாலைகளுக்கு, சுற்றுவட்டாரப் பண்ணை வீடுகளிலிருந்து இளம்பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். ஆலை மணி அடித்தால் எழ வேண்டும், அடித்தால் சாப்பிட வேண்டும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை. 1834-இல் கூலியைக் குறைத்தபோது அந்தப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1836-இல் விடுதிக் கட்டணத்தை ஏற்றியபோது மறுபடியும் வெளியே வந்தார்கள். 1840-களில் சங்கம் கட்டி, பத்து மணி நேர வேலைநாள் கேட்டு மாநிலச் சட்டமன்றத்துக்கு மனு அனுப்பினார்கள். அப்போது அது கைகூடவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலம் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் கொண்டுவர 1874 ஆனது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் ஓய்ந்து உட்காருவதற்கும் அவர்கள் கேட்ட அதே நேரத்தைத்தான், 180 ஆண்டு கழித்து இந்த ஹாக்கிப் பெண்களும் கேட்டுப் பெற்றிருந்தார்கள்.

மே 29. முதல் இருபது நிமிடத்தில் கோல் இல்லை. இரண்டாவது பகுதியில் லிஸ் ஷெப்பர்ஸ் முதல் கோலை அடித்தார். மூன்றாவதில் மிக்கேலா காவா. பாஸ்டன் கோல்கீப்பரையும் வெளியே எடுத்துவிட்டு முழு மூச்சாகத் தாக்கிய கடைசி நிமிடங்களில் காலியான வலைக்குள் கேப்டன் மூன்றாவதை அனுப்பினார். கோலை நோக்கி மினசோட்டா 44 முறை அடித்தது, பாஸ்டன் 17 முறை. அந்தப் பதினேழையும் நிக்கோல் ஹென்ஸ்லி தடுத்தார். மூன்று நாளுக்கு முன் மனம் உடைந்து வெளியேறிய அணி, எதிராளியின் ஊரில் 3-0 என்று முதல் வால்டர் கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த வீராங்கனை டெய்லர் ஹைஸ், மினசோட்டா மண்ணில் வளர்ந்த பெண். அடுத்த ஆண்டும் கோப்பை அவர்களுக்கே. ஒட்டாவாவுக்கு எதிரான அந்த இறுதிச்சுற்றின் நான்கு ஆட்டமும் ஓவர்டைமில் 2-1 என்றே முடிந்தன, வெற்றிக் கோலை மறுபடியும் ஷெப்பர்ஸ்தான் அடித்தார்.

நம் நாட்டிலும் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி இருக்கிறது. பெரும்பாலும் லடாக் பெண்கள். குளிர்காலத்தில் குளம் உறையும் இரண்டு மாதந்தான் பல ஆண்டுகளாக அவர்களுக்குப் பயிற்சிக் காலம். 2016-இல் முதல் சர்வதேசப் போட்டிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டித்தான் போனார்கள். 2017-இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்று முதல் வெற்றியைக் கண்டார்கள். 2025-இல் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். இந்தச் செய்திகளைப் படிக்கும்போது ‘இத்தனை கஷ்டத்திலும்’ என்று நெகிழ்கிறோம். அந்த நெகிழ்ச்சியில் எனக்கு ஒரு பயம் உண்டு. கஷ்டத்தையே பெருமையாக்கிவிட்டால், அதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போய்விடும்.

வறுமையையும் வசதியின்மையையும் மீறி ஜெயித்த பெண்களைக் கொண்டாடுவோம், தப்பில்லை. கூடவே சில கேள்விகளையும் கேட்டுப் பழக வேண்டும். பயிற்சிக்கு அவர்களுக்கு ஒதுக்கிய நேரம் பகலா, நடுஇரவா? அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா? காயம்பட்டால், குழந்தை பெற்றால், அவர்கள் இடம் அப்படியே இருக்குமா? தோற்ற அடுத்த நாள் அவர்கள் எங்கே இருப்பார்கள், இன்னொரு வேலையிலா, சக வீராங்கனைகளோடா? மினசோட்டா பெண்களுக்கு ஒரு திங்களும் ஒரு செவ்வாயும் கிடைத்தன. அவை கிடைக்க இருநூறு பேர் நான்கு ஆண்டு லீக் இல்லாமல் இருக்க வேண்டியிருந்தது. எந்த ஊரிலும் எந்த விளையாட்டிலும் இனி ஒரு பெண் அதே விலையை மறுபடி கொடுக்கும்படி விடக் கூடாது.