பாடாங் தெம்பாக்கில் யாரும் சுடுவதில்லை

பினாங்கில் படித்தவர்களுக்கு ஆயர் ஈத்தாம் செல்லும் வழியிலுள்ள பாடாங் தெம்பாக் அடுக்குமாடிகளைத் தெரியாமல் இருக்காது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘சுடும் திடல்’. காலனித்துவக் காலத்தில் அங்கே துப்பாக்கி சுடும் தளம் இருந்தது. ரைபிள் ரேஞ்ச் சாலை என்னும் பெயரும் அதனால் வந்ததே. 1960களின் இறுதியில் அத்திடலில் மலிவு விலை வீடுகள் எழுந்தன. இன்று அங்கே குறிபார்ப்பவர் எவருமில்லை. கார் நிறுத்த இடம் பார்ப்பவர்கள்தாம் உண்டு.

‘துப்பாக்கி’ என்றதும் நம் மாணவர்களின் மனக்கண்ணில் தோன்றுவது எது? திரையில் மெதுவாக நடந்து வரும் கதாநாயகன். இல்லையேல், நாளிதழின் முதல் பக்கத்தில் வரும் குண்டர் கும்பல் செய்தி. மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

எனக்கு அறிமுகமான இருவர், ஒருவர் தமிழர், மற்றவர் சீனர், முறைப்படி உரிமம் பெற்று ஆளுக்கொரு .22 ரைபிள் வைத்திருக்கிறார்கள். கழகத்தின் சுடுதளத்தில் அவ்வப்போது தங்களுக்குள் நட்புமுறைப் போட்டி வைத்துக்கொள்வார்கள். தோற்றவர் நாசி கண்டார் வாங்கித் தர வேண்டும், பந்தயம் அவ்வளவே. ஒருமுறை நானும் உடன் சென்றேன்.

அவர்களுடையது ‘ரிம்ஃபயர்’ வகை. தோட்டாவைப் பற்றவைக்கும் மருந்து அதன் அடிப்பாகத்து விளிம்பில் இருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பைத் தட்டியதும் வெடிக்கும். ஓசை குறைவு, உதைப்பும் குறைவு, பெரிய தோட்டாக்களைப் பார்க்கையில் விலையும் குறைவு. ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைபிள் போட்டியும் இவ்வகைத் துப்பாக்கியால்தான் நடக்கிறது. அந்தத் தூரத்தில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், நம் ஐந்து காசு நாணயத்தைவிடச் சிறியது! முயலை வீழ்த்திய அம்பைவிட யானைக்குத் தப்பிய வேலே மேல் என்றார் வள்ளுவர். போர்க்களத்துக்கு அது பொருந்தலாம். இங்கோ முயலின் கண்ணளவுதான் இலக்கு. தப்பவிட்டவருக்குப் பெருமை ஏதுமில்லை.

ஆளுக்கு இருபது தோட்டாக்கள். சுட்டு முடித்ததும் தாள்களை எடுத்து வந்து, ஒருவர் தாளை மற்றவர் எண்ணினர். துளையின் விளிம்பு வட்டக் கோட்டைத் தொட்டிருந்தால் கூடுதல் புள்ளியையே தர வேண்டும் என்பது விதி. தமிழர் தம் துளைகளுள் ஒன்றை ஒன்பது என்று விட்டுவிட்டார். சீன நண்பரோ பூதக்கண்ணாடி வைத்து அதையே உற்றுப் பார்த்துவிட்டு, “இல்லை, கோட்டைத் தொட்டிருக்கிறது, பத்து” என்றார். அந்த ஒரு புள்ளியில் தோற்றவர் அவரே. நாசி கண்டார் செலவும் அவருடையதே!

நம் சொற்போர் மேடைகளில், ‘எதிரணிக்கு ஒரு புள்ளி குறைந்துவிட்டது’ என்று எழுந்து சொன்ன ஒருவரை நான் இதுவரை கண்டதில்லை. முடிவு அறிவித்ததும் நீதிபதியைத் தேடிப் போகிறவர்களைத்தான் கண்டிருக்கிறேன். சொற்போர் நண்பர்கள் பொறுத்தருள்க.

உலக அரங்கிலும் இதற்குச் சான்று உண்டு. 2004ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒலிம்பிக் தேர்வுப் போட்டிக்கு முன்பாக மேத்யூ எம்மன்ஸ் என்பவரின் ரைபிளை யாரோ சேதப்படுத்திவிட்டனர். ஆம்பர் டார்லண்ட் என்னும் தோழி தம் துப்பாக்கியைக் கொடுத்தார். இரவல் ரைபிளோடு ஏதென்ஸ் சென்ற எம்மன்ஸ், 50 மீட்டர் படுத்துச் சுடும் பிரிவில் தங்கம் வென்றார். அடுத்து மூன்று நிலைப் போட்டி. கடைசித் தோட்டா வரை முன்னணியில் இருந்தவர், அதைப் பக்கத்து வீரரின் இலக்கில் சுட்டுவிட்டார். அதற்குப் புள்ளி பூச்சியம், எட்டாமிடம். தங்கம் சீனாவின் ஜியா சான்போவுக்குப் போனது. அன்று எம்மன்ஸுக்கு ஆறுதல் சொல்ல வந்த செக் வீராங்கனை கதெரினா குர்கோவாவை அவர் 2007இல் மணந்துகொண்டார். நம் இயக்குநர்கள் இப்படி ஒரு கதை எழுதினால் நாமே நம்பமாட்டோம்!

‘அதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டு’ என்பீர்களோ? கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் ரியோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் பிரிவில் தங்கம் வென்றார். பெயரைக் கேட்டாலே நம் கழக விழாவுக்கு அழைக்கத் தோன்றுகிறது. நம் நாட்டின் நூர் சுரியானி தாய்பி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக அதே பிரிவில் சுட்டார். இவற்றை நாம் எத்தனை பேர் பேசியிருக்கிறோம்?

பெற்றோரின் அச்சத்தை நான் மறுக்கவில்லை. நம் பிள்ளைகளில் சிலர் குண்டர் கும்பல்களில் சிக்கிச் சீரழிவதைக் கண்ட சமுதாயம் அஞ்சத்தான் செய்யும். சட்டமும் கடுமையானது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி காற்றுத் துப்பாக்கியும் ஆயுதமே. உரிமமின்றி வைத்திருக்க முடியாது. அதைத் தளர்த்தக் கேட்கும் எண்ணம் எனக்கு இல்லை, இறுக்கமாகவே இருக்கட்டும். மாணவர்கள் துப்பாக்கி வாங்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. ஆனால் அஞ்சி விலகினால், துப்பாக்கியைப் பற்றி நம் இளைஞருக்குச் சொல்லித்தரும் பொறுப்பைத் திரைப்படமும் கும்பல் தலைவனும் ஏற்றுக்கொள்கிறார்கள். மூச்சை அடக்கி, தோள் அசையாமல், பக்கத்தில் இருப்பவனைப் பகைவனாக எண்ணாமல் சுட அவர்கள் கற்றுத் தருவார்களா?

பல்கலைக்கழகத்தில் ‘பாலாப்பெஸ்’ எனப்படும் சேமப்படை அதிகாரி பயிற்சிப் பிரிவு இருக்கிறது. பயிற்றுநர் கண்காணிப்பில் சுடவும் அங்கே கற்கலாம். என் காலத்தில் தமிழ் மாணவர்கள் அதன் பதிவு மேசையைச் சுற்றிக்கொண்டு சென்றதே அதிகம். கழகத்தின் விளையாட்டுப் பிரிவும் கேரம், சதுரங்கம், பூப்பந்து என்று வழக்கமான பட்டியலோடு நின்றுவிடாமல், ஆண்டுக்கொருமுறை அங்கீகாரம் பெற்ற சுடும் கழகத்துக்குக் கடிதம் எழுதி, உறுப்பினர்களை அழைத்துச் செல்லலாமே. பேருந்துக் கட்டணத்தை முன்னாள் மாணவர்கள் நாங்கள் ஏற்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை: அவரவர் தாளை அவரவர் எண்ணக்கூடாது.