பிரியாவிடையோடு ஒப்படைப்பும்

ஆலய ஆண்டு விழாவையொட்டிப் பங்குத்தந்தை விடைபெறும்போது, மாலை மரியாதையோடு பொறுப்பு ஒப்படைப்பும் மக்கள் அறிய நடந்தாக வேண்டும்.

தேசூர் வட்டாரத்துக்குப் பக்கத்தில், சேத்துப்பட்டில் லூர்து அன்னை ஆலயத்தை எழுப்பிய பிரெஞ்சு மறைப்பணியாளர் தாராஸ் அடிகளார், வாழ்நாளின் பெரும்பகுதியை இப்பகுதி மக்களுக்கே கொடுத்து 1916-இல் மறைந்தார். அன்று பங்கின் நினைவெல்லாம் ஒருவரிடமே தங்கியது. இன்று சில ஆண்டுகளுக்கொரு முறை மாற்றல் வருகிறது. அது நல்லதே; ஒருவரின் செல்வாக்கில் பங்கு முடங்காது. ஆனால் ஆள் மாறும்போது ஏடுகள் தொலையக் கூடாது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் ஞானஸ்நானம், திருமணம், இறப்புப் பதிவேடுகளையும் நிதிக்குழுவையும் ஒவ்வொரு பங்குக்கும் கட்டாயமாக்கியிருக்கிறது. பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்கள், பின்னாளில் ஓரத்தில் குறித்த திருமணத் தேதி என ஒரே பதிவில் ஒரு தலைமுறையே இருக்கிறது. செல்லரித்தால் அதற்கு ஈடு கிடையாது.

எனவே செல்பவரும் வருபவரும் நிதிக்குழு முன்னிலையில் பதிவேடுகளைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். விழா வசூலின் வரவு செலவு ஆலய அறிவிப்புப் பலகைக்கு வர வேண்டும். மிச்சப் பணத்தில் முதல் செலவு பழைய ஏடுகளை ஸ்கேன் செய்வதாக இருக்கட்டும். ஆயர்கள் இதைச் சுற்றறிக்கையாகவே அனுப்ப வேண்டும்.