டர்போ காருக்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன்: ‘ஸ்ட்ராங்’ மட்டும் போதுமா?

டர்போ காரில் பூஸ்ட்டை ஏத்தணும்னு முடிவு பண்ணியாச்சா? அடுத்த கேள்வி, எந்த பிஸ்டன்? ‘இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதைப் போடு’ என்பதுதான் பலரின் பதில். தினமும் ஓட்டும் காருக்கு அது சரிவராது.

சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ-யைப் பாருங்கள். அமெரிக்காவில் 2004 முதல் 2021 மாடல் வரை அதில் இருந்தது 2.5 லிட்டர் இஜே257 டர்போ இன்ஜின். கம்பெனி போட்ட பிஸ்டன்கள் வார்ப்பில் செய்தவை. இன்ஜின் ‘நாக்’ ஆனால், ரிங்குகளுக்கு நடுவே உள்ள மெல்லிய பகுதி உடையலாம். அதனால்தான் பலர் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு மாறுகிறார்கள்.

அதிலும் பரவலாக இருப்பவை ரெண்டு அலாய்.

4032: சுமார் 12% சிலிக்கான் கொண்டது. சூட்டில் குறைவாகவே விரியும். சிலிண்டர் சுவருக்கும் பிஸ்டனுக்கும் இடையே சிறிய இடைவெளி போதும்.

2618: சிலிக்கான் மிகக் குறைவு. நாக்கிங் அடியை நன்றாகத் தாங்கும். ஆனால் அதிகம் விரியும் என்பதால் இடைவெளியும் கூடுதலாக விடணும். காலையில் ஸ்டார்ட் செய்தால், சூடாகும்வரை ‘டக் டக்’ சத்தம் வரும். தேய்மானமும் சீக்கிரம்.

ஆபீஸ் போய்வரும், மிதமான பூஸ்ட் காருக்கு 4032 போதும். டிராக்கில் விரட்டுபவர்களுக்கு, பூஸ்ட் ரொம்ப அதிகம் என்றால், 2618.

எதை வாங்கினாலும், அந்த பிஸ்டனுக்குச் சொல்லப்பட்ட இடைவெளி அளவில்தான் சிலிண்டரைக் கடையணும். ட்யூனிங்குக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள். எரிபொருளும் இக்னிஷன் டைமிங்கும் தப்பாக இருந்தால், ஃபோர்ஜ்டு பிஸ்டனும் ஒருநாள் உடையும்.