பாடமும் வேண்டும், பழக்கமும் வேண்டும்

திக்லிபூரில் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விட்டால், பல வீடுகளில் சட்டமே மாறிவிடுகிறது. பந்து பரண்மேல் ஏறுகிறது. தேடி வரும் நண்பர்கள் வாசலோடு திருப்பி அனுப்பப்படுகிறார்கள். "பிளஸ் டூ முடியும்வரை படிப்பைத் தவிர வேறு நினைவே கூடாது" என்று பெற்றோர் கண்டிப்பாகக் கூறிவிடுகிறார்கள். பிள்ளையை அதன் போக்கில் விட்டுவிட்டு, பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது பதறுகிற வீடுகளும் உண்டு. இந்த இரண்டு வழிகளுமே பிள்ளைகளுக்கு நன்மை தருவன அல்ல.

பெற்றோரின் கவலை காரணமற்றது என்று கூறிவிட முடியாது. திக்லிபூர் மாணவர்களுக்கு அருகில் உள்ள கல்லூரி, மாயாபந்தரில் 1990-ல் தொடங்கப்பட்ட மகாத்மா காந்தி அரசுக் கல்லூரிதான். அதற்கு மேல் வேண்டுமானால், சாலை வழியே 300 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள போர்ட் பிளேயருக்குப் போகவேண்டும். 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் பெற்றுள்ள அந்த நகரில் 2015-ல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. அதுவும் கிட்டாவிட்டால் கடல் கடந்து சென்னைக்கோ வேறு ஊர்களுக்கோ செல்லவேண்டும். எங்கும் இடங்கள் குறைவு, போட்டி அதிகம். சிறு கடை வைத்தும், மீன் பிடித்தும், கூலி வேலை செய்தும் பிழைக்கும் குடும்பங்கள் மதிப்பெண்ணையே ஏணியாக நம்புவதில் வியப்பில்லை.

ஆனால், பதினேழு பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போய் விடுதியில் வாழப் போகிற பிள்ளைக்கு மதிப்பெண் மட்டும் போதுமா? அறிமுகம் இல்லாதவர்களோடு ஓர் அறையில் இருக்கவும், மனவருத்தத்தை ஒரு நண்பனிடம் சொல்லி ஆறுதல் பெறவும், சண்டை போட்டுவிட்டுச் சமாதானம் ஆகவும் அது பழகியிருக்கவேண்டும். இவை பாடப் புத்தகத்தில் இல்லாத பாடங்கள்.

இந்தப் பாடங்களுக்குத் திக்லிபூரைப்போல் வாய்ப்பான ஊர் கிடைப்பது அரிது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்து 1950-களில் குடியேற்றப்பட்ட வங்காளிக் குடும்பங்களின் வழிவந்தவர்களே இங்கு பெரும்பான்மையினர். அவர்களோடு தமிழர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சி வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் கலந்து வாழ்கிறார்கள். தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், மைதானத்தில் இந்தியும், துர்கா பூஜைப் பந்தலில் வங்காளியும் பேசுகிறது. எந்த டியூஷனிலும் இதைக் காசு கொடுத்து வாங்க முடியாது.

தோழமையை அறுத்துவிட்டுப் படிப்பை மட்டும் வளர்ப்பதில் உள்ள ஆபத்தை நாடு கண்டிருக்கிறது. ராஜஸ்தானில் உள்ள கோட்டா நகரப் பயிற்சி மையங்களில் படித்துவந்த மாணவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் 2023-ஆம் ஆண்டில் மட்டும் தங்கள் உயிரை மாய்த்துக் கொண்டனர். காரணங்கள் பல இருக்கலாம். வீட்டையும் நண்பர்களையும் பிரிந்த தனிமை அவற்றில் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. பதினாறு வயது நிரம்பாதவர்களைப் பயிற்சி மையங்களில் சேர்க்கக்கூடாது என்று மத்திய கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் நெறிமுறை வகுத்தது.

திக்லிபூர் மாணவரின் நேரம் உண்மையில் எங்கே போகிறது என்பதையும் பார்க்கவேண்டும். மாலை விளையாட்டில் போவது மிகக் குறைவு. சென்னையைவிட இங்கு சுமார் 50 நிமிடம் முன்னதாகவே பொழுது சாய்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கே சூரியன் மறைந்துவிடும். இருட்டியபின் மைதானத்தில் யாரும் நிற்பதில்லை. பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரமோ, அதற்குச் சற்றுக் கூடுதலோதான். ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலுழைப்போ விளையாட்டோ மேற்கொள்ளவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த ஒரு மணி நேரத்தைப் பறிப்பதால் எந்த மதிப்பெண்ணும் கூடிவிடாது.

நேரத்தை விழுங்குவது இரவில் கையில் இருக்கும் கைபேசி. பகலில் நண்பனைப் பார்க்கவிடாமல் தடுத்தால், அவன் இரவு 12 மணிவரை அதன் வழியே வருவான். ஜூன் மாதத்தில் இங்கு 5 மணிக்கு முன்பே சூரியன் உதித்துவிடுகிறது. சீக்கிரம் படுத்து விடியற்காலையில் எழுந்து படிப்பதற்கு இயற்கையே வகை செய்திருக்கும்போது, அதை வீணாக்குவானேன்?

பெரியவர்களும் தங்கள் பங்கை உணரவேண்டும். ஊரில் ஒரு கல்யாணம் என்றால், திக்லிபூரிலிருந்து போர்ட் பிளேயருக்கு ஒரு நாள். அங்கிருந்து சென்னைக்குக் கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். திரும்புவதற்குக் கப்பல் கிடைக்கும்வரை காத்திருப்பு. ஒரு முகூர்த்தத்துக்காக இரண்டு மூன்று வாரப் பள்ளிக்கூடம் போய்விடுகிறது. பொதுத் தேர்வு எழுத 75 சதவீத வருகை வேண்டும் என்பது மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் விதி. பங்குனி உத்திரமோ பரீட்சைக் காலத்தை ஒட்டியே வருகிறது. திருவிழா வேண்டாம் என்பதல்ல. பத்தாவதும் பன்னிரண்டாவதும் படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் யார் போவது, எத்தனை நாள் என்று முன்கூட்டியே கணக்கிடலாம் அல்லவா?

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் சிரமமானது. பையனுக்கு விளையாட்டு நிறுத்தப்பட்டால் படிக்க நேரமாவது கிடைக்கிறது. பெண்ணுக்கோ தோழி வீடு நிறுத்தப்பட்டபின் அந்த நேரம் அடுப்படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் போய்விடுகிறது. படிப்பும் இல்லை, பழக்கமும் இல்லை என்ற இந்த நிலை மாறவேண்டும். வீட்டு வேலையை ஆண் பிள்ளையும் பகிர்ந்துகொண்டால் இருவருக்கும் நேரம் கிடைக்கும்.

பள்ளிகளுக்கும் கடமை உண்டு. ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை நாள்தோறும் ஒரு விளையாட்டுப் பாடவேளை வேண்டும் என்று வாரியம் 2018-ல் அறிவுறுத்தியது. அந்த வேளையைக் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் கடன் கொடுத்துவிடக்கூடாது. பத்தாம் வகுப்புக்கு 2026 முதல் ஆண்டுக்கு இரு தேர்வுகள் நடத்தவும் வாரியம் முடிவு செய்தது. முதல் தேர்வில் குறைந்த மதிப்பெண்ணை இரண்டாவதில் உயர்த்திக்கொள்ளலாம். ஒரே பரீட்சையில் வாழ்வே முடிந்துபோகும் என்று பிள்ளையை அச்சுறுத்த இனி இடமில்லை.

மாலை வெளிச்சம் நண்பர்களுக்கு, விளக்கு வைத்தபின் பாடத்துக்கு, இரவு தூக்கத்துக்கு. இந்தப் பங்கீட்டைப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யும் பெற்றோர், பின்னாளில் அதைத் தயங்காமல் கப்பலேற்றி வழியனுப்பலாம்.