ஏசியில் ஏன் ஐஸ் பிடிக்கிறது?

“இரவில் நன்றாகக் குளிர்ந்த ஏசி, விடியும்போது காற்றே விடுவதில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ்!” அண்மைக் காலமாக என் காதில் அடிக்கடி விழும் முறைப்பாடு இது. எங்கள் வீட்டிலும் நடந்தது. வந்தவர் பார்த்த மாத்திரத்திலேயே, “காஸ் முடிஞ்சு போச்சு” என்று காஸ் அடித்துப் பணத்தையும் வாங்கிச் சென்றார். இரண்டே மாதத்தில் மறுபடியும் ஐஸ். சுவாச நோயுள்ள என் மாமியார் படுக்கும் அறை அது. வீட்டுச் செலவில் அந்தப் பணம் எவ்வளவு பெரிது என்பது உங்களுக்குத் தெரியாததா?

சகோதரிகளே, ஏசியின் காஸ் அடுப்புக் காஸ் போல எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி ஓடுவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். கசிவை அடைக்காமல் காஸ் அடிப்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் நிரப்புகிற வேலை.

காஸ் குறைந்தாலும், அறைக்காற்று போதியளவு உள்ளே போகாவிட்டாலும், உட்புறக் குளிர்ச் சுருள் 0 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கிவிடும். நமது கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் அதன் மேல் படியும் நீர் அப்படியே உறையும். அந்த ஐஸ் காற்றை இன்னும் மறிக்கும்.

ஆகவே, ஆள் அழைக்கு முன் பில்டரைப் பாருங்கள். தூசு அடைத்திருந்தால் சாதாரண தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்திப் போடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். பில்டர் சுத்தமாக இருந்தும் ஐஸ் பிடித்தால் உள்ளே விசிறியிலும் சுருளிலும் அழுக்கு இருக்கலாம், அல்லது காஸ் கசியலாம். அது தெரிந்தவர் செய்யவேண்டிய வேலை.

எங்கள் வீட்டுக்கு இரண்டாவதாக வந்தவர், வெளி யூனிட்டில் குழாய் பொருந்தும் நட்டில் சவர்க்கார நுரை பூசினார். குமிழ் கிளம்பியது! குழாய் முனையைப் புதிதாகச் செய்து பூட்டி, பம்பினால் உள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்து, யூனிட்டின் லேபிளில் உள்ள அளவுக்குத் தராசில் நிறுத்துக் காஸ் அடித்தார். உங்கள் வீட்டுக்கு வருபவரிடமும் “கசிவு எங்கே?” என்று கேளுங்கள். இப்போதைய பல ஏசிகளில் உள்ள ஆர்-32 காஸ் ஓரளவு தீப்பற்றக்கூடியது. கசிவு தேடும்போது பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

ஐஸைக் கத்தியால் சுரண்டவே வேண்டாம், குழாய் துளைபடும். ரிமோட்டில் பேனை மட்டும் ஓடவிட்டால் சில மணித்தியாலங்களில் தானாக உருகும். கீழே பழைய துணி விரித்து வையுங்கள், தண்ணீர் சுவரோரமாக வடியும்.