தேதி குறித்தவர் மவுண்ட்பேட்டன்

ஆகஸ்ட் 15 நாம் கேட்டு வாங்கிய தேதி அல்ல. 1929 டிசம்பரில் லாகூரில் கூடிய காங்கிரஸ், முழு விடுதலையே இலக்கு என்று தீர்மானித்தது. அதன்படி 1930 முதல் ஆண்டுதோறும் ஜனவரி 26ஐத்தான் சுதந்திர தினமாகக் கொண்டாடினார்கள், அதுவும் தடியடிக்கும் சிறைக்கும் நடுவே. ஆட்சியை ஒப்படைக்கப் பிரிட்டிஷ் பிரதமர் அட்லி வைத்த கெடு 1948 ஜூன். கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன் அதைப் பத்து மாதம் முன்னுக்கு இழுத்தார். ஏன் ஆகஸ்ட் 15? 1945இல் ஜப்பான் சரணடைந்த நாள் அது. தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்தவருக்கு அதில் ஒரு சொந்தப் பெருமிதம். (நம் விடுதலைக்கும் ஜப்பானின் தோல்விக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் யாராவது கேட்டிருக்கலாம்.) அவசரத்துக்கு விலை கொடுத்தவை பஞ்சாபும் வங்காளமும். இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரிக்க ராட்கிளிஃப் வகுத்த எல்லைக்கோடு ஆகஸ்ட் 17 அன்றுதான் வெளியானது. வங்காளத்தின் முர்ஷிதாபாத்தில் முதலில் பாகிஸ்தான் கொடி ஏறி, கோடு வெளியானபின் இறங்கியது. இத்தனை பெரிய நாட்டின் பிரிவினையை ஒருவரின் போர் நினைவுக்கு ஏற்ப முடுக்கியது பொறுப்பற்ற செயல். காங்கிரஸ் தலைவர்கள் தங்கள் பழைய தேதியை மறக்கவில்லை. 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்ட அரசியல் சாசனம், 1950 ஜனவரி 26 வரை காத்திருந்துதான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.